பைப் ஒழுகாது, மூட்டுதான் ஒழுகும்: ஆர்.வி.யில் பெக்ஸ் லைன் போடுவதற்கு முன்

அமெரிக்காவிலோ கனடாவிலோ பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கி, அதன் தண்ணீர் லைனை மாற்றப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று அறிவுரைகள் தவறாமல் வந்து விழும். "எல்லாத்தையும் பெக்ஸுக்கு மாத்திடுங்க." "பெக்ஸ் பனியில வெடிக்கவே வெடிக்காது." "ஏ கிரேடு வாங்குங்க, பி கிரேடு மட்டம்." முதல் அறிவுரை சரி. இரண்டாவது பாதிதான் சரி. மூன்றாவது தவறு. ஏன் என்று புரிய வேண்டுமானால், பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். குழாய் வேலை முன்பின் செய்யாதவருக்கும் அது விளங்கும்.

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிவறை, ஷவர் எல்லாம் வைத்த ஊர்தி. தானாக ஓடினால் மோட்டார் ஹோம். இன்னொரு வண்டி இழுத்துச் சென்றால் டிராவல் டிரெய்லர். நம்மூர்ப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் இதற்குப் பங்காளி முறை.

## மாடித் தொட்டி இல்லாத வீடு

நம் வீடுகளில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் இறங்கி வருகிறது. தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 4.3 பி.எஸ்.ஐ. மட்டுமே. பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு விசை அழுத்துகிறது என்ற கணக்கு. பெட்ரோல் பங்க்கில் "முன்னாடி 32" என்று சொல்லிக் காற்றுப் பிடிக்கிறோமே, அதே அளவுகோல்தான்.

ஆர்.வி.யில் தொட்டி தரைமட்டத்தில், கட்டிலுக்கு அடியிலோ வண்டியின் வயிற்றிலோ கிடக்கும். அதனால் 12 வோல்ட் பம்ப் ஒன்று தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். பெரும்பாலான பம்புகள் 45 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிவிட்டுத் தாமே நின்றுவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும், பம்ப் மறுபடி ஓடும். முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தினால் வெளிக்குழாயிலிருந்து நேராக ஹோஸ் போட்டும் தண்ணீர் எடுக்கலாம். அந்த வெளிக்குழாயின் அழுத்தம் சில இடங்களில் 100 பி.எஸ்.ஐ.யைக்கூடத் தாண்டும். ஹோஸின் முனையில் அழுத்தத்தை 45, 50 அளவுக்குக் குறைக்கும் ரெகுலேட்டர் மாட்டுவது இதற்காகத்தான்.

ஆக, மாடித் தொட்டி வீட்டில் சணலும் சொல்யூஷனும் வைத்துச் சமாளித்த கசிவு, பத்து மடங்கு அழுத்தம் உள்ள இடத்தில் சமாளிக்க விடாது. போதாக்குறைக்கு இந்த வீடு மணிக்கு 60 மைல் வேகத்தில் குலுங்கிக்கொண்டே போகிறது.

## சாம்பல் நிறக் குழாய் கண்ணில் பட்டால்

1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளிலும் ஆர்.வி.களிலும் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் குழாய் ஏராளமாகப் போடப்பட்டது. சாம்பல் நிறத்தில் இருக்கும், மேலே பி.பி.2110 என்று அச்சு இருக்கும். குழாய் நீரில் கிருமிக்காகச் சேர்க்கும் குளோரின், இந்தப் பிளாஸ்டிக்கையும் அதோடு வந்த அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளையும் உள்ளிருந்தே கெட்டித்து நொறுங்க வைத்தது. வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும் குழாய் ஒரு நாள் திடீரென்று விரியும். இந்தக் குழாயால் நஷ்டப்பட்டவர்கள் தொடுத்து 1995-இல் முடிந்த காக்ஸ் எதிர் ஷெல் கூட்டு வழக்கின் சமரசத் தொகை 95 கோடி டாலர்.

இந்தக் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால், ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது காலத்தைத் தள்ளும் வேலை. பாலிபியூட்டிலீனையும் பெக்ஸையும் இணைக்கும் சிறப்புக் கப்ளிங் கிடைக்கிறது. பயணத்தின் நடுவில் அது கைகொடுக்கும். ஊர் திரும்பியதும் முழு லைனையும் உருவிவிடுவதே உருப்படியான வழி.

இதுவரை பார்த்தது: ஆர்.வி.யில் பம்ப் தரும் அழுத்தம் அதிகம், வண்டி குலுங்கும், பழைய சாம்பல் குழாய் நம்பத் தகுந்ததல்ல.

## இடியாப்பமும் மீன்வலையும்

பெக்ஸின் மூலப்பொருள் பாலிஎத்திலீன். மளிகைக்கடை பிளாஸ்டிக் பையும் அதே இனம்தான். அதை மூலக்கூறு அளவில் பார்த்தால் ஒரு தட்டு இடியாப்பம்: நீள நீளமான இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிக் கிடக்கும், ஆனால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்காது. இழுத்தால் நழுவும். சூடாக்கினால் இன்னும் எளிதாக நழுவி உருகி ஓடும். வெந்நீர் ஓட வேண்டிய குழாய்க்கு இந்தக் குணம் ஆகாது.

இப்போது அந்த இழைகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டால் அது இடியாப்பமாக இருக்காது, மீன்வலையாகிவிடும். வலையை இழுக்கலாம், முறுக்கலாம். விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். எந்த இழையும் தனியாக நழுவிப் போக முடியாது. இப்படி முடிச்சுப் போடுவதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். பஞ்சர் கடைக்காரர் செய்யும் வல்கனைசிங்கும் இதே தத்துவம்தான்: பச்சை ரப்பரின் இழைகளைக் கந்தகம் முடிச்சுப் போடுகிறது, பிசுபிசுத்த பொருள் டயராகிறது. குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீன்தான் பெக்ஸ்.

அந்த முடிச்சை எந்த வழியில் போட்டார்கள் என்பதைத்தான் ஏ, பி, சி என்ற எழுத்துகள் சொல்கின்றன. பெராக்சைடு சேர்த்துச் செய்தால் ஏ. சிலேன் என்ற வேதிப்பொருளும் ஈரப்பதமும் வைத்துச் செய்தால் பி. எலக்ட்ரான் கற்றை பாய்ச்சிச் செய்தால் சி. பரீட்சை கிரேடு போல முதல் தரம், இரண்டாம் தரம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மூன்றும் ஒரே அழுத்தத் தேர்வை எழுதித்தான் கடைக்கு வருகின்றன: 73 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 160 பி.எஸ்.ஐ., 180 டிகிரியில் 100, 200 டிகிரியில் 80. ஆர்.வி. ஹீட்டரின் தண்ணீர் வழக்கமாக 140 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பம்ப் தரும் 55-க்கு இதில் தாராளமாக இடம் இருக்கிறது.

வேறுபாடு இருப்பது கையாளுவதில். ஏ வகை இளகலானது, குறுகலாக வளையும். மடிந்து நசுங்கிவிட்டால் ஹீட் கன் காட்டினால் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். பி வகை விறைப்பு. சுருளிலிருந்து எடுத்த பிறகும் சுருளவே பார்க்கும். மடிந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். விலை பி வகைக்குக் குறைவு. ஆர்.வி.யில் வளையத்தை நசுக்கி மூட்டுப் போடும் கிரிம்ப் முறையில் வேலை செய்பவருக்கு பி வகையே போதும் என்பது எங்கள் கட்சி.

இந்த வலைக்கதையிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, பெக்ஸை ஒட்ட முடியாது. பி.வி.சி. குழாய்க்குப் போடும் சொல்யூஷன் பசை கிடையாது, அது பி.வி.சி.யின் மேல்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிறது. பாலிஎத்திலீன் அந்தச் சொல்யூஷனில் கரையாது. முடிச்சுப் போட்டுவிட்டதால் உருக்கிச் சேர்க்கவும் வழியில்லை. இரண்டு, பெக்ஸை அமுக்கினால் அது திருப்பி அமுக்கும், விரித்தால் சுருங்கப் பார்க்கும். பெக்ஸ் மூட்டு முழுவதும் இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நிற்கிறது.

சுருக்கமாக: பெக்ஸ் என்பது முடிச்சுப் போட்ட பாலிஎத்திலீன், எழுத்துகள் தயாரிப்பு வழியைச் சொல்பவை, ஒட்ட வராது, இறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

## அரை இஞ்ச் என்றால் எந்த அரை இஞ்ச்?

ஆர்.வி.யில் பெரும்பாலும் ஓடுவது அரை இஞ்ச் பெக்ஸ். ஆனால் டேப் வைத்து அளந்தால் வெளிவிட்டம் ⅝ இஞ்ச் காட்டும். உள்விட்டம் அரை இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. சுவரின் கனம் 0.07 இஞ்ச். செம்புக் குழாய்க்கு வைத்திருந்த பழைய அளவு மரபையே பெக்ஸும் எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. ⅜ இஞ்ச் பெக்ஸின் வெளிவிட்டம்தான் சரியாக அரை இஞ்ச் இருக்கும். வெளியே அளந்துவிட்டு "அரை இஞ்ச்" என்று ஃபிட்டிங் வாங்கி வந்தவர்கள் கடைக்குத் திரும்ப நடப்பது இதனால்தான். அளக்காதீர்கள், குழாயின் மேலுள்ள அச்சைப் படியுங்கள்.

அதே அச்சில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: என்.எஸ்.எஃப்.-பி.டபிள்யூ. என்ற குறி. குடிநீருக்கு ஏற்றது என்பதன் அடையாளம் அது. தரைக்கு அடியில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்குவதற்கென்று, இந்தக் குறி இல்லாத ஒரு பெக்ஸும் அதே கடையில் அதே அலமாரியில் கிடக்கும். சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களுக்குள் பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை. வெந்நீர் எது, தண்ணீர் எது என்று பின்னாளில் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். கட்டிலுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தேடும்போது அந்த உதவியின் அருமை தெரியும்.

## மூட்டு என்ன செய்கிறது

இதுதான் விஷயத்தின் மையம். ஒரு பக்கம் பித்தளை ஃபிட்டிங்: அதன் முனையைச் சுற்றி மோதிரம் மோதிரமாக மேடு இருக்கும். குழாய் அதன்மேல் போர்த்துவது போல ஏறும். வெளியே ஒரு வளையம். கருவி அந்த வளையத்தை நசுக்கும்போது, குழாயின் சுவர் வளையத்துக்கும் மேடுகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. அமுங்கிய பெக்ஸ் விரியத் துடிக்கும், ஆனால் வளையம் விடாது. அந்த விரியும் விசைதான் மேடுகளை அடைத்துத் தண்ணீரை நிறுத்துகிறது. உள்ளே ரப்பர் வாஷரோ பசையோ எதுவும் கிடையாது.

வளையத்தில் இரண்டு விதம் பரவலாக இருக்கிறது. கிரிம்ப் என்பது செம்பு வளையம். கருவியின் வாய் வளையத்தை முழுச் சுற்றிலும் ஒரே சீராக நசுக்கும். சிஞ்ச் என்பது ஸ்டீல் பட்டை. ஒரு பக்கம் துருத்தி நிற்கும் காதை மட்டும் கருவி கிள்ளி இறுக்கும். இரண்டுமே நன்றாகப் பிடிக்கும். ஆனால் கிரிம்ப் கருவிக்குக் கைப்பிடி நீளம், அதை விரித்து மூட இடம் வேண்டும். ஆர்.வி.யின் சமையல் தொட்டிக்கு அடியில் முழங்கையை மடக்கவே இடம் இருக்காது. அங்கே சிஞ்ச் சௌகரியம். ஒரே கருவி பல அளவுக்கும் பொருந்தும்.

விரிப்பு முறை என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஏ வகைக் குழாயின் வாயைக் கருவியால் விரித்து, பெரிய ஃபிட்டிங்கை உள்ளே விட்டால், குழாய் தானே சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அருமையான மூட்டு, ஆனால் கருவி விலை அதிகம். ஒரே ஒரு வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

அழுத்திச் செருகும் புஷ்-ஃபிட் நான்காவது. உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தண்ணீரை அடைக்கும், ஸ்டீல் பற்கள் குழாயைப் பிடித்துக்கொள்ளும்; கருவியே வேண்டாம். அரை இஞ்ச் குழாயில் ஏறத்தாழ ஒரு அங்குலம் உள்ளே போயிருக்க வேண்டும். முதலிலேயே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் போனதா என்று தெரியும். விலை கூடுதல், பருமனும் கூடுதல். அவசரத்துக்கு இரண்டு மூன்று வண்டியில் வைத்திருப்பது நல்லது. பலகைக்குப் பின்னால் கண்ணுக்கு மறைவாக வைத்து மூடிவிடுவதற்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஸ்க்ரூ டிரைவரால் திருகும் சாதாரண ஹோஸ் கிளிப்பைப் பெக்ஸில் போடுவதும் சில வண்டிகளில் காணக் கிடைக்கும். ரப்பர் ஹோஸ் மெத்தென்று இருக்கும், கிளிப் ஒரு பக்கம் அதிகம் இறுக்கினாலும் சமாளித்துக்கொள்ளும். பெக்ஸ் விறைப்பானது, திருகுள்ள பக்கம் இறுகி, அதன் அருகே இம்மி இடைவெளி விட்டுவிடும். தண்ணீருக்கு அந்த இம்மி போதும்.

## ஒரு மூட்டைச் சரியாகப் போடுவது

குழாயைப் பெக்ஸ் கட்டரால் நேராக வெட்டுங்கள். ரம்பம் வேண்டாம், அது பிசிறு விடும், பிசிறு பம்பின் வடிகட்டியிலும் குழாய் முனையின் சல்லடையிலும் போய் அடையும். வெட்டு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஃபிட்டிங்கின் தோளைத் தொடும், மறுபக்கம் தொடாது.

வளையத்தை முதலில் குழாயில் மாட்டுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வளையத்தை மறந்துவிட்டு ஃபிட்டிங்கைக் கஷ்டப்பட்டு ஏற்றி முடித்த பிறகு நெற்றியில் அடித்துக்கொள்ளாதவர் இந்த வேலையில் இல்லை.

ஃபிட்டிங் தோள் வரை ஏறியதும், வளையத்தைக் குழாயின் விளிம்பிலிருந்து ⅛ முதல் ¼ இஞ்ச் தள்ளி நிறுத்துங்கள். விளிம்பை ஒட்டி வைத்தால் கடைசி மேட்டை மட்டுமே பிடிக்கும். அதிகம் தள்ளி வைத்தால் மேடே இல்லாத வெறும் குழாயை நசுக்கும். கருவியைக் குழாய்க்குச் செங்குத்தாகப் பிடித்து, கைப்பிடி முழுவதும் மூடும்வரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கிரிம்ப் வளையத்தை கோ, நோ-கோ கேஜ் என்ற தகட்டால் சோதியுங்கள்: ஒரு வெட்டு வளையத்தின் மேல் ஏற வேண்டும், மற்றது ஏறக் கூடாது. இரண்டுமே ஏறாவிட்டால் இறுக்கம் போதாது. இரண்டுமே ஏறினால் இறுக்கம் மிகுதி. தேறாத வளையத்தின் மேல் மறுபடி கருவி வைத்து அழுத்த வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டு புதுக் குழாய் முனையில், புது வளையத்தோடு தொடங்குங்கள். அரை டாலர்கூடப் பெறாத வளையத்தில் சிக்கனம் பார்த்தால் ஒட்டுப்பலகைத் தரை ஊறிப் போகும்.

வளையத்தை மேசையில் வைத்துப் போட முடிகிற மூட்டுகளை மேசையிலேயே போட்டுவிடுங்கள். டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), எல்போ (திருப்பத்துக்கான இணைப்பு), வால்வு எல்லாம் சேர்ந்த ஒரு கொத்தை வெளியே கட்டி எடுத்துப் போய், உள்ளே இரண்டு மூன்று மூட்டை மட்டும் போட்டால் முதுகும் பிழைக்கும், கேஜ் வைத்துப் பார்க்கவும் இடம் கிடைக்கும்.

## எத்தனை வாங்க வேண்டும்

ஒரு நடுத்தர டிராவல் டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். சமையல் குழாய், கை கழுவும் குழாய், ஷவர், வெளி ஷவர் இவை நான்குக்கும் வெந்நீர், தண்ணீர் இரண்டும் வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் மட்டும். ஹீட்டருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பம்பின் வெளிவாய் ஒன்று, வெளிக்குழாய் இணைப்பு ஒன்று. கூட்டினால் திருகி மாட்டும் முனைகள் 13.

தண்ணீர்ப் பக்கம் டீ 7: பம்பும் வெளிக்குழாயும் சேருமிடம், ஹீட்டருக்குப் பிரியுமிடம், ஐந்து குழாய்களுக்குப் பிரிக்க நான்கு, வடிகால் வால்வுக்கு ஒன்று. வெந்நீர்ப் பக்கம் டீ 4. எல்போ 10 என்று வைப்போம். வடிகால் வால்வு 2. ஒரு டீக்கு வளையம் 3, எல்போவுக்கு 2, மற்றவைக்கு 1. 33 + 20 + 13 + 2 = 68 வளையம். வீணாவதற்கும் சேர்த்து 100 வாங்கிக்கொள்ளலாம். குழாய் 100 அடிச் சுருள் ஒன்று பெரும்பாலும் போதும். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனி நிறம் வேண்டுமானால் 50 அடிச் சுருள் இரண்டு.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 100 அடிக் குழாயில் 68 மூட்டு. ஒவ்வொன்றும் ஒழுக வாய்ப்புள்ள இடம். எல்போ போடாமல் குழாயையே வளைத்துக் கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மூட்டு மிச்சம். அரை இஞ்ச் பி வகையை வெளிவிட்டத்தின் 8 மடங்கு, அதாவது 5 அங்குல ஆரத்துக்கும் குறுகலாக வளைக்கக் கூடாது. ஏ வகை 6 மடங்கு, அதாவது 3¾ அங்குலம் வரை தாங்கும்.

திருகி மாட்டும் முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் குழாய், கை கழுவும் குழாய் போன்றவற்றின் அடியில் வருவது பெரும்பாலும் உள்ளே கூம்பு வாஷர் உள்ள பிளாஸ்டிக் நட். அடைப்பது வாஷர்தான், அங்கே டெஃப்லான் டேப்புக்கு வேலையில்லை. கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் நட் விரியும். ஹீட்டரின் உலோக மரைக்கு மட்டும் டேப் சுற்றிப் பித்தளை முனை மாட்டுங்கள்; அங்கே சூடு ஏறி இறங்கும்போது பிளாஸ்டிக் நட் தளர்ந்துவிடும்.

## பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது

முதல் வேலை ஹீட்டரின் கேஸையும் மின்சாரத்தையும் அணைப்பது. தண்ணீர் இல்லாத ஹீட்டரில் கரண்ட் பாய்ந்தால் கம்பிச்சுருள் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அந்த பிரேக்கர் மேல் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். பிறகு ஹீட்டர் ஆறட்டும். பம்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவித்து, வண்டியின் அடியிலுள்ள இரண்டு வடிகால் வால்வுகளையும் திறந்து வடிய விடுங்கள்.

பழைய லைனைப் பிடுங்குவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எங்கே பிரிகிறது என்று தாளில் கோடாகவும் வரைந்து வையுங்கள். நீளமான பாதைகளில் பழைய குழாயின் வாலில் புதுக் குழாயை டேப்பால் கட்டி இழுத்தால், சில இடங்களில் பலகையைக் கழற்றாமலே வேலை முடியும். புதுக் குழாயின் வாயை மூடிவிட்டு இழுங்கள். இல்லாவிட்டால் மரத்தூள் எல்லாம் உள்ளே போகும்.

குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். 100 அடி பெக்ஸ், வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் சுமார் 1.1 அங்குலம் நீளும். 20 அடி வெந்நீர் லைன் 60 டிகிரியிலிருந்து 140-க்குப் போனால் 1¾ அங்குலம் நீண்டு மறுபடி சுருங்கும். கொஞ்சம் தொய்வு விட்டால் அது பாட்டுக்கு அசைந்துகொள்ளும். விடாவிட்டால் ஒவ்வொரு முறையும் மூட்டைப் பிடித்து இழுக்கும். 32 அங்குலத்துக்கு ஒரு கிளிப் வைத்துத் தாங்குங்கள், ஆனால் கிளிப்புக்குள் குழாய் நழுவ வேண்டும். இரும்புச் சட்டத்தின் ஓட்டை வழியாகப் போகுமிடத்தில் கிராமெட் என்ற ரப்பர் வளையம் போடுங்கள். ஆயிரம் மைல் குலுக்கலில் தகட்டின் விளிம்பு கத்திதான்.

பம்பின் இரண்டு பக்கமும் ஓர் அடி நீளத்துக்கு இழை பின்னிய வளையும் ஹோஸ் விட்டுப் பிறகு பெக்ஸைத் தொடங்குங்கள். பம்பின் அதிர்வு நேராகப் பெக்ஸில் ஏறினால், இரவில் ஒருவர் கழிவறைக்குப் போனால் வண்டி முழுவதும் எழுந்துகொள்ளும்.

வெயிலும் எலியும் பெக்ஸுக்கு ஆகாது. புற ஊதாக் கதிர் இழைகளைச் சிதைக்கும் என்பதால் வண்டிக்கு வெளியே திறந்தாற்போல் ஓடும் துண்டுக்கு உறை வேண்டும். வாங்கிய சுருளையும் வாரக்கணக்கில் முற்றத்தில் போடக் கூடாது. எலி கடிப்பதற்குத் தீர்வு, வண்டியின் அடியிலுள்ள ஓட்டைகளை அடைப்பதுதான்.

## சோதனை

ஹீட்டர் நிரம்பும்வரை வெந்நீர்க் குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். எல்லாம் மூடியதும் பம்ப் நிற்க வேண்டும், நின்றபடியே இருக்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "டுர்ர்" என்று ஓடி நின்றால் தண்ணீர் எங்கோ போகிறது. மூட்டில் இல்லாவிட்டால், பம்பின் உள்ளேயுள்ள ஒருவழி வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகலாம். அதையும் மனத்தில் வையுங்கள்.

மூட்டுகளைக் கண்ணால் பார்ப்பதைவிட டிஷ்யூ தாளால் துடைத்துப் பார்ப்பது மேல். ஒவ்வொரு வளையத்தையும் புதுத் தாளால் ஒரு சுற்றுத் தடவுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து 68-ஐயும் மறுபடி தடவுங்கள், வெந்நீர் ஓடிய பிறகு இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் பலகைகளை மூடலாம்.

குடிப்பதற்கு முன் லைனைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். 15 கேலன் தண்ணீருக்கு கால் கப் வாசனை சேர்க்காத பிளீச் என்ற அளவில் தொட்டியில் கலந்து, எல்லாக் குழாயிலும் வாசம் வரும்வரை ஓட்டி, குறைந்தது 4 மணி நேரம் நிற்க விட்டு, வாசம் போகும்வரை அலசுங்கள். கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பாலிபியூட்டிலீனைக் கெடுத்த அதே குளோரின்தான் இது.

## பனிக்காலம்: அந்தப் பாதி உண்மை

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். செம்பு விரியாது, கிழியும். பெக்ஸ் கொஞ்சம் உப்பிக்கொடுத்து, உருகியதும் பழைய அளவுக்கு வரும். "வெடிக்காது" என்ற பேச்சு இதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் பித்தளை எல்போ உப்பாது. பம்பின் பிளாஸ்டிக் தலை, திறந்து மூடும் குழாய்களின் உட்பகுதி, வெளி ஷவரின் வால்வு, வெளிக்குழாய் இணைப்பின் ஒருவழி வால்வு எதுவும் உப்பாது. வசந்தத்தில் வண்டியைத் திறந்து தண்ணீர் விட்டால், பெக்ஸ் லைனெல்லாம் நன்றாக இருக்க, அவைதான் பீய்ச்சும்.

ஆகவே பெக்ஸ் போட்ட பிறகும் குளிர்காலத்துக்கு லைனைக் காலி செய்தே ஆக வேண்டும். ஹீட்டரை வடித்து, பைபாஸ் வால்வால் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால், லைன் உறையாமல் இருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் திரவம் 6 அல்லது 10 கேலன் ஹீட்டருக்குள்ளேயே போய்விடும். பிறகு 30 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதலாம். அல்லது ஆர்.வி.க்கென்று விற்கும் இளஞ்சிவப்பு நிற புரொப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸை பம்ப் வழியாக இழுத்து நிரப்பலாம். 2, 3 கேலன் ஆகும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர் லைன் பக்கமே அது வரக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து வையுங்கள்: சமையல் குழாய், ஷவர், கழிவறையின் மிதி, கடைசியில் எல்லோரும் மறந்துவிடும் வெளி ஷவர்.